பேட்டரிக்கு தமிழ்ல என்ன? கூண்டுக்குள்ள உக்காந்து யோசிச்சது

"ஏங்கண்ணு, லாரிக்கு ரெண்டு பேட்டரின்னா சரி, 24 வோல்ட் வேணும், ஒன்னோட ஒன்ன கோத்து விடுவோம். உன்ற வண்டி 12 வோல்ட்டுங்குற, அதுக்கு எதுக்கு ரெண்டு?"

போன்ல பெரியப்பா கேட்டது இது. நாமக்கல் பக்கம் லாரி ஓட்டியே காலத்த கழிச்சவரு, அவருகிட்ட வாய்க்கு வந்தத சொல்லி தப்பிக்க முடியாது. நான் இருக்கறது அரிசோனால, ஃபீனிக்ஸ்ல. போன வருஷம் ஒரு பழைய பிக்கப் ட்ரக்கும் அதுமேல வைக்கற செகண்ட் ஹேண்ட் கேம்பரும் வாங்குனேன். ட்ரக் கேம்பர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நம்மூரு குட்டியானை வண்டி பின்னாடி காய்கறி மூட்டை ஏத்துற இடம் இருக்குல்ல, அந்த இடத்துல மூட்டைக்கு பதிலா கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் வச்ச ஒரு பெட்டி வீட்டையே தூக்கி வச்சா எப்படி இருக்கும், அதான். நாலு மூலைக்கு நாலு ஜாக்கி இருக்கும், தூக்கி நிறுத்திட்டு ட்ரக்க மட்டும் கீழ இருந்து உருவிட்டு கடைக்கு போயிட்டு வரலாம். இதுக்கு தமிழ்ல பேர் யோசிக்கவே வேண்டாம், மாட்டுவண்டி காலத்துலயே கூண்டு வண்டின்னு வச்சாச்சு.

பெரியப்பா கேள்விக்கு பதில் என்னன்னா ஒண்ணு இன்ஜினுக்கு, இன்னொண்ணு கூண்டுக்கு. கூண்டுக்கு இருக்கறத இங்க ஹவுஸ் பேட்டரிம்பாங்க. ரெண்டையும் லாரில மாதிரி கோக்குறது இல்ல, தனித்தனி குடித்தனம், காரணமும் இருக்கு. இன்ஜின் பேட்டரி செய்யறது ஒரே வேலைதான், சாவிய திருப்புன அந்த ரெண்டு மூணு செகண்டுக்கு நூத்துக்கணக்கான ஆம்ப் ஒரே மூச்சுல தள்ளணும், அப்புறம் இன்ஜின் ஓடறப்ப கரண்ட் செய்யற ஆல்டர்னேட்டர் பாத்துக்கும். அதுக்காக உள்ள தகடெல்லாம் மெல்லிசா நெறையா வச்சிருப்பான். ஹவுஸ் பேட்டரி அப்படி இல்ல, ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருக்கணும், காலைல மறுபடி வாங்கிக்கணும், அதுக்கு தகடு தடிமனா இருக்கணும். டீப் சைக்கிள்னு இங்க சொல்றது இதத்தான். நம்மூர்ல கரண்ட் கட் காலத்துல வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டருக்கு கீழ ஒரு உயரமான டியூபுலர் பேட்டரி வாங்கி வச்சோமே, அதுவும் இதே சாதிதான்.

இந்த வித்தியாசத்த நான் புத்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்கல. எனக்கு வித்த ஆளு கூண்டுல ஒரு கார் பேட்டரிய மாட்டி வச்சிருந்தான், நானும் பாக்கல. முத ட்ரிப்பு ஃபிளாக்ஸ்டாஃப், 2,100 மீட்டர் உயரம், நவம்பர் மாசம். ஹீட்டர் கேஸ்லதான் எரியுது, ஆனா சூட்ட வெளிய தள்ளுற ஃபேனுக்கு கரண்ட் வேணும். விடிகாலை மூணு மணிக்கு அந்த ஃபேன் சத்தம் மெதுவா இழுத்து இழுத்து நின்னுச்சு பாருங்க, அந்த அமைதில முழிச்சவன்தான், விடியற வரைக்கும் தூங்கல. காலைல பெரியப்பாவுக்கு போன் போட்டு பேட்டரி இறங்கிப்போச்சு பெரியப்பான்னேன். "ஒரு செல்லு போயிருக்கும், தெறந்து பாரு"ன்னாரு.

தெறந்தேன். மேல ஆறு மூடி. ஆறுலயும் டார்ச் அடிச்சு பாத்தா அஞ்சுல தண்ணி தகட்டுக்கு மேல நிக்குது, ஒண்ணுல மட்டும் தகடு காஞ்சு வெளிய தெரியுது, ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துப்போய் கெடக்கு. அங்கதான் எனக்கு இந்த சொல் விஷயம் ஓட ஆரம்பிச்சது. பெட்டி ஒண்ணுதான், ஆனா உள்ள ஆறு வீடு. ஈய பேட்டரில ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட், ஆறையும் வரிசையா கோத்தா 12.6. அதத்தான் நாம மொத்தமா 12 வோல்ட் பேட்டரிங்கறோம். அப்ப பேட்டரிங்கற பேரு செல்லுக்கு இல்ல, அந்த ஆறு பேர் கூட்டத்துக்கு.

சொல்லோட பூர்வீகமும் அதத்தான் சொல்லுது. பிரெஞ்சுல பாத்ரேன்னா அடிக்கறது, அதுக்கும் முன்னாடி லத்தீன்ல பாத்துவேரே. அதுல இருந்து வந்த பாத்தெரிக்கு மொதல்ல அடி உதைன்னுதான் அர்த்தம், அமெரிக்க கோர்ட்ல இன்னிக்கும் ஒருத்தன கை வச்சா போடுற கேஸுக்கு பேரு பேட்டரிதான், கேட்டா சிரிப்பா இருக்கும். அப்புறம் பீரங்கியால கோட்டைய அடிக்கறதுக்கு ஆச்சு, அப்புறம் வரிசையா நிறுத்தி வச்ச பீரங்கிக் கூட்டத்துக்கே பேரா ஆச்சு. 1749-ல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஈயத்தகடு ஒட்டின பதினோரு கண்ணாடிய ஒண்ணா கோத்து ஒரேடியா ஷாக் அடிக்க வச்சாரு, அத லண்டன்ல இருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதின கடுதாசில எலக்ட்ரிக்கல் பேட்டரின்னு பேர் வச்சு விவரிச்சாரு. பதினோரு பீரங்கி வரிசையா நின்னு ஒரே நேரத்துல வெடிக்கற மாதிரின்னு வச்சுக்கங்க. இன்னிக்கு கணக்குல அது பேட்டரியே இல்ல, கெபாசிட்டர், சார்ஜ சேத்து வச்சு ஒரேடியா விடற சாமான். அதே கடுதாசில இன்னொரு தமாஷும் இருக்கு, ஃபிலடெல்ஃபியா பக்கத்துல ஸ்கூல்கில் ஆத்தங்கரைல கூட்டாளிங்களோட ஒரு விருந்து, வான்கோழிய மின்சாரத்துல அடிச்சு, மின்சாரத்துல சுத்துற கம்பில வாட்டி, அந்த பேட்டரியையே வேட்டா வெடிக்க வச்சு சாராயம் குடிக்கறதா பிளான். பேட்டரியோட வெளியூர் போய் சமைச்சு சாப்புடறது நான் கண்டுபிடிச்ச பழக்கம் இல்ல, அந்த சொல்லு பொறந்த கடுதாசிலயே இருக்கு.

1800-ல இத்தாலிக்கார விஞ்ஞானி வோல்ட்டா வந்தாரு, வோல்ட்டுங்கறதே அவரு பேருதான். துத்தநாக வில்லை, வெள்ளி வில்லை, நடுவுல உப்புத்தண்ணில நனைச்ச அட்டை, மறுபடி துத்தநாகம்னு தோசை அடுக்கற மாதிரி அடுக்கி வச்சாரு, நிக்காம கரண்ட் வந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க இன்னிக்கும் டார்ச்சுக்கு போடறத பீல்ம்பாங்க, அடுக்குன்னு அர்த்தம். நம்மூர்ல அதுக்கு பேட்டரி கட்டைன்னு பேரு, டார்ச்சுக்கு பேரு பேட்டரி லைட்டு, வேடிக்கை என்னன்னா அந்த கட்டை ஒத்தை செல்தான், பேட்டரியே கெடையாது.

இப்ப தமிழுக்கு வருவோம். பேட்டரின்னா தமிழ்ல மின்கலம்னு நெறையா பேர் சொல்றாங்க, அது தப்புன்னு சண்டைக்கு போக மாட்டேன், ஆனா சரியா பாத்தா மின்கலம்ங்கறது செல்லுக்குத்தான். பேட்டரின்னா மின்கல அடுக்கு. இந்த ரெண்டு சொல்ல யார் பிரிச்சு வச்சாங்களோ அவங்களுக்கு ஒரு கும்புடு, ஏன்னா அடுக்குங்கறது அச்சு அசலா வோல்ட்டா செஞ்ச வேலை, கலம்ங்கறதும் அப்படித்தான். செல்லுங்கறது லத்தீன்ல சின்ன ரூம்பு, சாமியார் தங்குற அறை. நம்ம கலம் பாத்திரம், குறள் 660-ல சுடாத பச்சை மண் கலத்துல தண்ணி ஊத்தி வைக்கறதா வருதே அந்த கலம். வோல்ட்டா வில்லைய மட்டும் அடுக்கல, உப்புத்தண்ணி ஊத்துன கிண்ணத்த வரிசையா வச்சும் அதே வேலைய செஞ்சு அதுக்கு கிண்ணக் கிரீடம்னு பேர் வச்சாரு. அப்ப ரூம்ப விட பாத்திரம்தான் பொருத்தம், என்னோட ஆறு மூடிக்கு கீழ இருக்கறதும் தண்ணி ஊத்துற ஆறு பாத்திரம்தான். சேமக்கலம்னும் ஒரு சொல் இருக்கு, திரும்ப திரும்ப ஏத்தி இறக்கற பேட்டரிக்கு. எனக்கு அது ரொம்ப பிடிக்கும், ஹவுஸ் பேட்டரிக்கு அத விட நல்ல பேர் தோணல.

கலத்துக்கு கப்பல்னும் அர்த்தம் இருக்கறது இங்க இன்னொரு விதத்துல ஒத்துப்போகுது. கேம்ப் கிரவுண்டுல ஒயர சொருகி கரண்ட் எடுக்கறத ஷோர் பவர்ம்பாங்க, கரை மின்சாரம், துறைமுகத்துல நிக்கற கப்பலுக்கு கரையில இருந்து குடுக்கறது, கடலே இல்லாத அரிசோனால பாலைவனத்து நடுவுல நின்னுக்கிட்டு ஷோர் பவர் இருக்கான்னு கேப்பாங்க. அது இல்லாம தனியா போய் நிக்கறதுக்கு பேரு பூண்டாக்கிங், பிலிப்பைன்ஸ்ல டகாலோக் மொழில புந்தோக்னா மலை, அங்க போன அமெரிக்க சோல்ஜருங்க கொண்டு வந்த சொல்லு. குவார்ட்ஸைட்னு ஒரு ஊரு, குளிர்காலத்துல வண்டி வண்டியா வந்து பாலைவனத்துல நிப்பாங்க, எல்லா கூரையிலயும் சோலார்.

சோலார் பேனலும் ஒரு வகைல பேட்டரிதான்னா நம்புவீங்களா? 1954-ல பெல் லேப்ஸ் சிலிக்கான் சோலார் செல்ல ஊருக்கு காட்டுனப்ப அதுக்கு வச்ச பேரு பெல் சோலார் பேட்டரி. ஒரு பொட்டு கரண்ட் கூட சேமிக்காத சாமானுக்கு எதுக்கு அந்த பேரு? செல்லுங்க கூட்டமா இருக்கறதால. என் கூரைல 100 வாட் பேனல் ரெண்டு இருக்கு, ஒண்ண எண்ணி பாத்தேன், 36 செல், ஒவ்வொண்ணும் அரை வோல்ட் சொச்சம், வரிசையா கோத்திருக்கான். வரிசைங்கறதால ஒரு தொல்லையும் உண்டு, மெஸ்கீட் மரத்துக்கு கீழ குளுகுளுன்னு நிறுத்துனா ஒரு கிளை நிழல் ரெண்டு செல்லு மேல விழுந்தாலே மொத்த பேனலும் படுத்துக்கும், சங்கிலில ஒரு கண்ணி வீக்கா இருந்தா மாதிரி. மனுஷனுக்கு நிழல் வேணும், பேனலுக்கு வெயில் வேணும், தினமும் இந்த பஞ்சாயத்துதான்.

கடைசியா சார்ஜுங்கற சொல்லு, இதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம். லத்தீன்ல கார்ருஸ்னா வண்டி, அதுல இருந்து காரிக்காரே, வண்டில பாரம் ஏத்தறது, அது பிரெஞ்சு வழியா சார்ஜ் ஆச்சு. காரு, கார்கோ, சார்ஜு மூணும் ஒரே வம்சம். டிஸ்சார்ஜுன்னா லோடு இறக்கறது. இத யாரும் நமக்கு சொல்லித் தரல, ஆனா நாம என்ன சொல்றோம்? சார்ஜ் ஏறுது, சார்ஜ் ஏத்து, பேட்டரி இறங்கிப்போச்சு. எழுத்துத்தமிழ்ல மின்னேற்றம். பெரியப்பாகிட்ட இத சொன்னா "அதுல என்ன அதிசயம், ஏத்துனா ஏறும், எறக்குனா எறங்கும்"னு முடிச்சுட்டாரு.

ஆனா அவரு கணக்கு இங்கதான் உதவுச்சு. கார் பேட்டரிய தூக்கிட்டு 100 ஆம்ப் அவர் (ஒரு ஆம்ப்னா நூறு மணி நேரம் குடுக்கற அளவு) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒண்ணு போட்டேன், உள்ள 3.2 வோல்ட்ல நாலு கலம், மொத்தம் 12.8. ஈயத்துல பாதிக்கு மேல இறக்குனா ஆயுசு போயிரும், இதுல கிட்டத்தட்ட முழுசா இறக்கலாம், ஒரே ஒரு பிடிவாதம், ஜீரோ டிகிரிக்கு கீழ போயிட்டா ஏத்தக் கூடாது. மறுபடி ஃபிளாக்ஸ்டாஃப் போனப்ப காலைல வெயில் சுள்ளுன்னு அடிக்குது, பேனல் மேல பனிய தொடச்சுட்டு வந்து மீட்டர பாத்தா ஜீரோ, பேட்டரிக்குள்ள இருக்கற காவக்காரன், அதான் பாதுகாப்பு சர்க்யூட்டு, கதவ சாத்திட்டான். கூண்டுக்குள்ள சூடு ஏறி பதினோரு மணிக்கு மேலதான் தெறந்தான்.

குவார்ட்ஸைட் போறதுக்கு முன்னாடி பெரியப்பாகிட்ட லோடு கணக்கா சொன்னேன். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 ஆம்ப் அவர், ஹீட்டர் ஃபேன் 20, லைட்டு போனு எல்லாம் சேத்து 15. கூரைல படுத்த வாக்குல 200 வாட் பேனல், ஜனவரி வெயிலுக்கு 40 ஏறுனா அதிகம்.

"75 எறங்குது, 40 ஏறுது. தெனம் 35 துண்டு விழுது. மூணாம் நாள் ராத்திரி நின்னுரும்"னாரு, கால்குலேட்டர் எல்லாம் இல்ல.

அப்புறம் தரைல சாய்ச்சு வைக்க இன்னொரு பேனல் வாங்குனேன், ட்ரக் ஓடறப்ப ஆல்டர்னேட்டர்ல இருந்து 20 ஆம்ப் ஏத்துற டிசி டு டிசி சார்ஜரும் போட்டேன், ஏன்னா ட்ரக்குல இருந்து கூண்டுக்கு கரண்ட் குடுக்கற ஏழு பின் சாக்கெட் வழியா வர்ற ஒயரு மெல்லிசு, அத நம்பி லித்தியத்துக்கு ஏத்த முடியாது. ரெண்டு மணி நேரம் ஓட்டுனா ஒரு நாள் வெயில்ல ஏறுற அளவு ஏறிடுது. ரெண்டு பேட்டரியோட ஸ்விட்சுக்கும் மேல டேப் ஒட்டி மார்க்கர்ல எழுதியாச்சு, ஒண்ணுல வண்டி, இன்னொண்ணுல கூண்டு. சேமக்கலம்னு எழுதத்தான் ஆச, டேப்பு பத்தல.