கொழுக்குமலைப் பனியைச் சாம்பலாக்கும் போன்

மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து இருட்டிலேயே ஜீப் பிடித்து, இடுப்பெலும்பு கழன்றுவிடும்போல ஆடிக் குலுங்கிக் கொழுக்குமலை உச்சிக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கப் போவது ஒன்றைத்தான்: காலடியில் பள்ளத்தாக்கு முழுக்க நிரம்பி நிற்கும் வெள்ளைப் பனி, அதற்கு மேலே எழும் சூரியன். கண்ணுக்கு அப்படித் தெரிவது போனில் எடுத்ததும் நாலு நாள் துவைக்காத வேட்டி நிறத்துக்கு வந்துவிடுகிறது. உடனே "இந்த போன் கேமரா சரியில்லை" என்று ஒரு முடிவு. கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. பனியை ஒரு குறை என்று நினைத்து, நீங்கள் கேட்காமலேயே அதைச் சரிசெய்யப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பனி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விட்டுவிட்டுச் சீக்கிரமே குளிர்ந்துபோகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனம் கூடி, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடானது என்பதால் கீழே இருப்பது எழும்ப முடியாது. தேங்கிய காற்றிலிருக்கும் ஈரம் நீர்த்துளிகளாக மாறினால் பனிமூட்டம். ஒரு துளியின் விட்டம் பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்தான். துளி இவ்வளவு பெரிதாக இருப்பதால் நீலம், பச்சை, சிவப்பு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கிறது. அதனால்தான் பனி வெள்ளை. ஒரு கன மீட்டர் பனிமூட்டத்தில் இருக்கும் தண்ணீரை எடைபோட்டால் பொதுவாக அரை கிராம்கூடத் தேறாது, அது மறைப்பதோ ஒரு மலையை.

மறைப்பது என்றால் இரண்டு வேலை சேர்ந்து நடக்கிறது. மரத்திலிருந்து உங்களை நோக்கி வரும் ஒளியைத் துளிகள் வழியிலேயே சிதறடித்துவிடுகின்றன. அது போதாதென்று, வேறெங்கிருந்தோ வரும் வெளிச்சத்தை உங்களுக்கும் மரத்துக்கும் நடுவே கொட்டுகின்றன. கறுப்பாக இருக்கவேண்டிய அடிமரம் வெளுத்துப்போவது இந்த இரண்டாவது வேலையால்தான். தூரம் கூடக்கூடக் கான்ட்ராஸ்ட், அதாவது ஒரு பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், எப்படிக் குறைகிறது என்பதற்கு 1924-ல் ஜெர்மானிய வானிலை ஆய்வாளர் ஹரால்ட் கோஷ்மீடர் ஒரு கணக்குப் போட்டுக்கொடுத்தார், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. 200 மீட்டருக்குமேல் எதுவும் தெரியாத ஒரு பனிக்காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் 5 சதவீதக் கான்ட்ராஸ்ட்தான் மிச்சம். அப்போது 20 மீட்டரில் நிற்கும் சில்வர் ஓக் மரத்துக்கு 74 சதவீதம் இருக்கும், 50 மீட்டரில் 47, 100 மீட்டரில் 22. ஒரே வகை மரம், ஒரே உயரம், ஆனால் அடுக்கடுக்காக மங்கிக்கொண்டே போகும். பனிப்படத்தின் அழகே இந்தப் படிகளில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் வெறும் வெள்ளையை மட்டும் எடுத்தால் படமே இல்லை. 20 மீட்டருக்குள் ஏதாவது ஒன்று, ஒரு கிளையோ வேலிக்கல்லோ, படச் சட்டத்துக்குள் வேண்டும்.

இந்தப் படிகளைத்தான் போன் கலைக்கிறது. எந்தக் காட்சியையும் சராசரியாகப் பார்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்ற பழைய அனுமானத்தில்தான் கேமராவின் ஒளிக்கணக்கு ஆரம்பித்தது. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்பார்கள். இப்போதைய போன்கள் என்ன காட்சி என்று அடையாளம் காணவும் பார்க்கின்றன, ஆனாலும் திரை முழுக்க வெள்ளை என்றால் பழைய புத்தி வந்துவிடுகிறது: "இவ்வளவு வெளிச்சமா, குறைப்போம்." பனி சாம்பலாகிறது. இதற்கு மருந்து சுலபம். திரையில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ப்ரோ மோடில் எண் தெரிந்தால் +0.7 அல்லது +1. சூரியன் சட்டத்துக்குள் வந்துவிட்டால் மட்டும் கதை தலைகீழ், அப்போது கீழே இறக்கவேண்டும், இல்லையென்றால் சூரியனைச் சுற்றி வெறும் வெள்ளை ஓட்டைதான் மிஞ்சும்.

அடுத்தது நிறம். சூரியன் எழுமுன் பனியில் லேசான நீலம் இருக்கும், எழுந்தபின் பொன் நிறம் ஏறும், ஏனென்றால் பனிக்குச் சொந்த நிறம் கிடையாது, மேலே விழுவதைத்தான் காட்டும். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைத் தானே திருத்தும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் தவறு என்று எண்ணித் துடைத்துவிடும். அதை 5500 கெல்வின் (பகல் வெயிலின் நிற அளவு) பக்கம் வைத்துப் பூட்டிவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும்.

அப்புறம் பெரிய குறும்பு, பனியைக் கலைக்கும் மென்பொருள். 2009-ல் கைமிங் ஹே, ஜியான் சுன், சியாவோ டாங் என்ற ஆய்வாளர்கள் மூவர் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: பனியில்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றாவது அநேகமாகக் கறுப்பை ஒட்டியிருக்கும். அப்படி இல்லையென்றால், எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு பனி, அதைக் கழித்துவிடலாம். அருமையான யோசனை, நமக்குத்தான் எதிரி. உங்கள் போன் இதே வழியில் போகாவிட்டாலும், எச்டிஆர் என்ற பெயரில் பல படங்களை ஒன்றாக்கி, பகுதி பகுதியாகக் கான்ட்ராஸ்டைத் தூக்கும்போது ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்கிறது. இரைச்சலை, அதாவது படத்தில் தெறிக்கும் புள்ளிகளைக் குறைக்கும் வேலை வேறு இருக்கிறது. 150 மீட்டரில் மங்கலாகத் தெரியும் இலைகள் அதன் கணக்கில் வெறும் இரைச்சல், தேய்த்து மெழுகிவிடும். எச்டிஆரை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள், காட்சியைத் தானே மேம்படுத்தும் ஏஐ வசதியையும்தான்.

ரா வடிவில், அதாவது போன் மெருகேற்றாத மூலத் தரவாக எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஜேபெக் என்ற வழக்கமான படக்கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான். பனிக்காட்சி முழுதும் அதில் கால்வாசிக்குள் அடங்கிவிட்டால் கையில் இருப்பது 64. பிறகு உட்கார்ந்து கான்ட்ராஸ்டை இழுத்தால் மென்மையான சாய்வு பட்டை பட்டையாக உடைவது இதனால்தான். 12 பிட் ரா என்றால் 4096 படிகள்.

ஃபோகஸுக்குக் கேமரா தேடுவது விளிம்புகளை. பனிக்குள் விளிம்பே இல்லாததால் முன்னும் பின்னும் அலையும். பக்கத்து மரத்தின் ஓரத்தில் தட்டிக் காட்டுங்கள். முதன்மை லென்ஸின் குவியத்தூரம் சில மில்லிமீட்டர்தான் என்பதால், ஐந்தாறு மீட்டர் தள்ளியிருப்பதில் ஃபோகஸ் வைத்தாலே பின்னால் இருப்பதெல்லாம் தெளிவாக வரும். ஃப்ளாஷை மட்டும் தொடாதீர்கள், அந்த வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கும் துளிகளிலேயே பட்டுத் திரும்பிவிடும்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதற்கும் துளியிடமே பதில் இருக்கிறது. இந்த அளவுத் துளிகள் ஒளியின் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறடிக்கின்றன. சூரியனைப் பார்த்து நின்றால் பனி ஒளிரும், மரங்கள் நிழலுருவாகும். சூரியனை ஓர் அடிமரத்துக்குப் பின்னால் மறைத்தால் கதிர்கள் தனித்தனியாகத் தெரியும். முதுகைக் காட்டி நின்றால் சப்பென்று இருக்கும், ஒரே ஒரு விதிவிலக்கோடு: எதிரே பனிச்சுவர், பின்னால் தாழ்ந்த சூரியன் என்று அமைந்தால் உங்கள் நிழல் பனிமேல் விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியலாம். பிராக்கன் நிழல் என்கிற இதைக் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் பார்த்திருக்கிறார்கள்.

சூரியன் எழுந்ததும் பனி போய்விடும் என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். முதல் வெயிலில் காற்று லேசாகக் கலங்கி, பனி சற்றுநேரம் இன்னும் அடர்வதும் உண்டு.

போனைச் சட்டைப்பைக்குள் வைத்திருங்கள். உடல்சூட்டில் இருக்கும் லென்ஸில் ஈரம் படியாது. இரவு முழுக்க ஜீப்பின் டாஷ்போர்டில் குளிர்ந்த போனை ஈரக்காற்றில் நீட்டினால்தான் படியும். எல்லாம் முடிந்து குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும், அந்த மெல்லிய சாய்வெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.