மீட்டர்ல ஜீரோ வந்தா தண்ணி நிக்குதுன்னு அர்த்தமா?

லீவுக்கு காட்பாடி வந்திருந்தேன், மாமா வாட்ஸ்அப்ப நீட்டுறாரு. "இன்னாப்பா, அட்லாண்டிக்ல கடல் ஓட்டம் நிக்கப் போவுதாமே, நீ அந்த மிஷினுங்கள தானே பாத்துக்கினு கீற, நிஜமா?" ஆழ்கடல் கரண்ட் மீட்டர், அதாவது தண்ணி எந்தப் பக்கம் எவ்ளோ வேகமா ஓடுதுன்னு அளக்குற கருவி, அதோட டேட்டாவ செக் பண்றதுதான் என் பொழப்பு, அதனால நேரா பதில் சொல்லாம நான் திருப்பிக் கேட்டேன், 2021 நவம்பர்ல ஒருத்தன் நம்ம பாலாத்துப் பாலத்துல நின்னு பாத்திருந்தா இன்னா எழுதியிருப்பான் மாமா? ரெண்டு கரையும் பொரண்டு ஓடுற ஆறுன்னு எழுதியிருப்பான். அதே ஆளு மே மாசம் வந்திருந்தா வெறும் மணலு. "என் போர்ல ரெண்டு இன்ச்சு தண்ணின்னு சொன்னவனும் ஐப்பசில தான் பாத்தான்"னு சிரிச்சாரு.

கடல்லயும் இதேதான். அட்லாண்டிக்ல 1957, 1981, 1992, 1998, 2004னு அஞ்சே தடவ கப்பல்ல போய் அளந்தத வச்சு, மேல சூடான தண்ணி வடக்க போய், ஆறி, அடியில தெக்க திரும்புற அந்த சுழற்சி சுமார் 30 சதவீதம் குறைஞ்சிருச்சுன்னு 2005ல ஒரு பேப்பர் வந்துச்சு. ஆனா 2004லயே 26.5 டிகிரி வடக்குல, அடியில வெயிட்ட கட்டி மேல மிதவை மாட்டி, நடுவுல கருவிங்கள தொங்க விட்டுட்டாங்க, ராபிட்னு பேரு. அதோட முதல் வருஷத்துலயே ஓட்டம் விநாடிக்கு 40 லட்சம் கன மீட்டர்ல இருந்து 3.5 கோடி வரைக்கும் ஏறி எறங்குது, அஞ்சு கப்பல் பயணத்துல தெரிஞ்ச வித்தியாசம் மொத்தமும் இதுக்குள்ளயே அடங்கிப் போச்சு. அளந்தவங்க தப்பா அளக்கல. அஞ்சு தடவ பத்தல, அவ்ளோதான். அதுக்காக குறையவே இல்லன்னும் சொல்ல வரல.

நம்ம வேலூருக்கு நேரா கிழக்க, வங்காள விரிகுடால, காத்து ஒரு தள்ளு தள்ளிட்டுப் போச்சுன்னா தண்ணி சுமார் 53 மணி நேரத்துக்கு ஒரு வட்டம் போடும், அது மேல 12.4 மணி நேரத்துக்கு ஒரு தடவ கடல் ஏறி எறங்குற டைடு வேற. அதுல ஒரு நாள் மட்டும் கருவிய எறக்கிட்டு "தெக்கால ஓடுது"ன்னு ரிப்போர்ட் குடுத்தா நான் என்னத்த பண்றது?

அடுத்தது கருவி. காத்தாடி மாதிரி சுத்தி அளக்குற பழைய ரோட்டார் மீட்டரு ரொம்ப மெதுவான ஓட்டத்துல சுத்தவே சுத்தாது, ஆழத்துல ஓட்டமே பல நாள் அந்த வேகம்தான். ஒரு தடவ வாரக்கணக்கா ஜீரோ, மேல எடுத்துப் பாத்தா ரோட்டார்ல தூண்டில் நரம்பு சுத்தியிருக்கு. சத்தம் அனுப்பி அளக்குற டாப்ளர் கருவிக்கு இந்தத் தொல்லை கெடையாது, ஆனா ஆழத்துல தண்ணி ரொம்ப சுத்தம், சத்தம் பட்டுத் திரும்ப தூசி துரும்பு கம்மி, அப்ப வர்ற எண்ணுல பாதி குப்பைதான்.

என்னைய ரொம்ப அசிங்கப்படுத்துனது, மீட்டருக்குள்ள இருந்து திசை சொல்ற காம்பஸ். பேட்டரி மாத்திட்டு அவசரத்துல காலிபிரேஷன் பண்ணாம அனுப்பிட்டேன், பேட்டரியோட இரும்பு உறைல காந்தம் ஏறியிருக்கு. ஒரு வருஷம் கழிச்சு வந்த டேட்டால அதே கயித்துல மேலயும் கீழயும் இருந்த மீட்டருங்க ஒரு திசை சொல்லுது, இது மட்டும் தனியா திரும்பி நிக்குது. வேகம் கரெக்டு, திசை போச்சு. இப்பல்லாம் கடலுக்குப் போறதுக்கு முன்னயும் வந்த பிறகும் வெட்டவெளில மர மேசை மேல வச்சு பத்து பத்து டிகிரியா திருப்பிப் பாக்குறேன், கிட்ட நிக்கிறவன் சட்டைப் பாக்கெட்ல செல்போன் இருந்தாலே ரீடிங் நகரும், அதனால எல்லார் போனும் அந்தாண்ட ஒரு பக்கெட்ல.

யாராவது கிராஃப் அனுப்புனா நான் மொதல்ல கேக்குறது மூணுதான்: எத்தன நாள் தண்ணில இருந்துச்சு, காம்பஸ் ரெண்டு தடவையும் பாத்தீங்களா, எத்தன தப்பான ரீடிங்க தூக்கிப் போட்டீங்க. கடைசி கேள்விக்கு "ஒண்ணும் இல்ல சார்"னு பதில் வந்தா ஒடனே யாரும் கை வைக்காத ரா ஃபைல அனுப்பச் சொல்லிடுவேன்.