குதிரைக்கான மூலிகைப் பொடியில் ஒளிந்திருக்கும் ஸ்டீராய்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள கிரேவில் மைதானத்தில் 1897 முதல் ஜூலைக் குதிரைப் பந்தயம் நடந்துவருவதால், குதிரை நலம் பற்றிய பேச்சு இங்குள்ள தமிழர்களுக்குப் புதிதன்று. குதிரையின் மூட்டு வீக்கத்துக்கு மூலிகைப் பொடி கொடுப்பதிலும், மஞ்சளையும் அதிமதுரத்தையும் நம்பி வளர்ந்த நமக்குத் தயக்கம் குறைவே. ஆயினும், நொண்டிய குதிரை அப்பொடியைத் தின்ற ஓரிரு நாளில் சீராக நடந்தால், மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும். மனிதரின் மூட்டுவலிக்கென விற்கப்பட்ட சில சத்துப்பொருள்களில், உறையில் குறிப்பிடப்படாத டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) இருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் கண்டறிந்தது. குதிரைக்கான பொருள்களிலும் இதே கலப்படம் நிகழக்கூடும்.

இந்த ஸ்டீராய்டு உயிரணுவுக்குள் நுழைந்து, அங்குள்ள ஏற்பி என்னும் புரதத்துடன் பிணைந்து உட்கருவை அடைகிறது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் செயல் அங்கே அடக்கப்படுகிறது. வீக்கமும் வலியும் தணிகின்றன. மூட்டின் சேதமோ அப்படியே இருக்கிறது. உடல் தானே சுரக்கும் கார்ட்டிசாலைவிட இது சுமார் 25 மடங்கு வலிமையானது. அந்த வலிமைக்கு முக்கியக் காரணம், மூலக்கூறின் ஒன்பதாம் கார்பனில் வேதியியலாளர்கள் பொருத்திய ஒரு ஃப்ளூரின் அணு.

அந்த அணுவே கலப்படத்துக்குச் சான்றாகிறது. ஃப்ளூரினைத் தன் சேர்மத்தில் சேர்க்கும் தாவரங்கள் மிகச் சில. தென்னாப்பிரிக்காவின் வடபகுதியில் மாடுகளைக் கொல்லும் கிஃப்பிளார் செடி அவற்றுள் ஒன்று; ஆனால் அதன் நஞ்சான ஃப்ளூரோஅசிட்டேட், இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட சிறு மூலக்கூறு. ஃப்ளூரின் ஏந்திய ஸ்டீராய்டை எந்த மூலிகையும் உண்டாக்குவதாக அறியப்படவில்லை. ஆகவே, மூலிகையிலிருந்தே அது வந்தது என்ற விளக்கம் செல்லாது.

ஆய்வகத்தில், பொடியின் சாற்றிலுள்ள சேர்மங்களை முதலில் திரவ வண்ணப்பிரிகையால் தனித்தனியே பிரித்து, பின்னர் ஒவ்வொன்றின் நிறையையும் அளக்கின்றனர். பீட்டாமெத்தசோன் என்ற வேறொரு ஸ்டீராய்டுக்கும் டெக்சாமெத்தசோனுக்கும் நிறை ஒன்றே என்பதால், பிரிக்கும் கட்டம் சரியாக அமையாவிட்டால் ஒன்றை மற்றொன்றாகக் கருத நேரும். பந்தய நாளில் குதிரையின் உடலில் டெக்சாமெத்தசோன் காணப்பட்டால், உறையில் என்ன எழுதியிருந்தாலும் பயிற்சியாளரே பொறுப்பேற்க வேண்டும்.

குதிரைக்கு நேரும் கேடு அதைவிடப் பெரிது. அளவு தெரியாமல் பல வாரங்கள் கொடுத்தால் நோய் எதிர்ப்பு குன்றலாம். குளம்பின் உள்தகடுகளில் அழற்சி தோன்றும் அபாயமும் உண்டு. கார்ட்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் தன் வேலையைக் குறைத்துக்கொள்வதால், பொடியைத் திடீரென நிறுத்தினால் குதிரை சோர்ந்து விழக்கூடும். எனவே ஐயம் எழுந்தவுடன், மீதமுள்ள பொடியை உறையோடு கால்நடை மருத்துவரிடம் கொடுத்து, எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று கேட்க வேண்டும்.