‘பொரை ஏறுச்சுங்களா?’ என்று ஐந்து ஊரில் கேட்டோம்

ஒன்றரை வயதுக் குழந்தை. மூன்று வாரமாக இருமல். இரண்டு இடத்தில் நெபுலைசர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது இடத்தில் நிமோனியா என்று ஊசி போட்டார்கள். நடுவில் நாட்டு வைத்தியமாகத் தொக்கமும் எடுத்திருக்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வலது பக்கம் மூச்சுச் சத்தம் குறைவாகக் கேட்கிறது, எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) மாணவி கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்: ‘மூச்சுக்குழாயில் அந்நியப்பொருள் நுழைந்த வரலாறு – இல்லை.’

குழந்தையின் அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவர். பகலெல்லாம் குழந்தை அம்மாயியிடம்தான், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம். வார்டுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாயியிடம் போய், “கடலைக்காய் கிடலைக்காய் தின்னப்போ பொரை ஏறுச்சுங்களா?” என்று கேட்டேன்.

“ஏறுச்சுங்க சாமி. கடலைக்காய் உரிச்சிட்டு இருந்தோம். ஒரு தடவ கண்ணு நட்டுக்கிச்சு. முதுகுல தட்டுனேன், சரியாப் போச்சு. அதுக்கும் சளிக்கும் என்னங்க?”

மறுநாள் மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியை விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்தபோது ஊறிப் புடைத்த அரைப் பருப்பு ஒன்று வெளியே வந்தது.

நிலக்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. மூச்சுக்குழாயில் ஈரத்தில் ஊறிப் பருக்கும். அதன் எண்ணெய் பட்ட இடம் வீங்கும். புரை ஏறி அடங்கியபின் சில நாள் குழந்தை நன்றாகவே விளையாடும், அந்த இடைவெளிதான் எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது. ஆகவே ஐந்து வயதுக்குள் முழுக் கடலை வேண்டாம், இடித்தோ அரைத்தோ கொடுங்கள். ஒருமுறை கண் நட்டுக்கொள்ளும் அளவுக்குப் புரை ஏறி, அதன்பின் இருமல் நிற்கவில்லை என்றால், அதை முதல் வாக்கியமாக டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம்: ஐந்து ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து ஒரே ஆய்வில் இறங்கிய கதை.

இப்படிப்பட்ட குழந்தைகள் எத்தனை நாள் தாமதமாக வருகிறார்கள், எதனால் என்பதையே தன் ஆய்வேடாக எடுக்க அந்த மாணவி ஆசைப்பட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஒரு மருத்துவமனையில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எண்ணினாலும் கிடைக்கும் குழந்தைகள் கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு சி.எம்.இ. (டாக்டர்களுக்கான தொடர் கல்வி) கூட்டத்தில், சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபோது தெரியவந்தது, இன்னொரு ஊரில் இன்னொரு மாணவர் இதே தலைப்பில் பாதி முடித்துவிட்டார். மூன்றாவது ஒரு கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒருவர் முடித்து, ரெக்ஸின் அட்டையும் தங்க எழுத்துமாக அது நூலக அலமாரியில் இருக்கிறது. தேர்வாளரைத் தவிர அதை யாரும் பிரித்துப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கோவை, அவிநாசி, பெருந்துறை, பவானி, சங்ககிரி, சேலம் என்று 544-ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. அந்தப் பக்கம் நாமக்கல், கரூர் 44-இல். கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966-இலேயே வந்துவிட்டது. திருப்பூர், நாமக்கல், நீலகிரி கல்லூரிகள் 2022 ஜனவரியில் திறந்தவை. இத்தனை கல்லூரிகள், இத்தனை குழந்தைகள் வார்டு. பஸ்ஸும் நோயாளியும் ஊர் விட்டு ஊர் போகிறார்கள். கேஸ் ஷீட்டில் இருப்பது மட்டும் அந்தந்த மருத்துவமனையின் எம்.ஆர்.டி. (பழைய கேஸ் ஷீட்டுகளை வைக்கும்) அறையைத் தாண்டுவதில்லை.

சின்ன எண்ணிக்கையில் என்ன தப்பு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 100 குழந்தைகளுக்கு ஒரு சிகிச்சை கொடுத்து ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்றால், ‘பக்கவிளைவே இல்லை’ என்று எழுதத் தோன்றும். உண்மையில் 100-க்கு 3 பேருக்கு வரக்கூடியதாக இருந்தால்கூட உங்கள் 100 பேர் தப்பியிருக்கலாம். மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அந்த மேல் எல்லை. ஐந்து ஊர் சேர்ந்து 500 குழந்தைகள் என்றால் அது 1000-க்கு 6 ஆக இறங்கும்.

குறைப்பிரசவக் குழந்தையின் நுரையீரல் முதிர, தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறோமே, அதன் கதையும் இதுதான். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் முதல் ஆய்வை வெளியிட்டது 1972-இல். பிறகு பல நாடுகளில் சின்னச் சின்ன ஆய்வுகள். தனித்தனியாகப் பார்த்தால் சில பலன் என்றன, சில உறுதியாகச் சொல்லவில்லை. 1989-இல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோதுதான் பலன் பளிச்சென்று தெரிந்தது. இப்படி மருத்துவ ஆய்வுகளைக் கூட்டிப் பார்ப்பதற்கென்றே 1993-இல் தொடங்கிய கோக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள் அந்த ஆய்வுகளில் ஏழுதான். இடையில் போன வருஷங்களில் எத்தனை குழந்தைகள் அந்த ஊசி கிடைக்காமல் பிறந்திருப்பார்கள் என்று யோசித்தால் தூக்கம் வராது.

ஆக, எங்கள் கூட்டணி பெருந்துறைப் பக்கம் ஒரு பேக்கரியில் தொடங்கியது. டீ, தேங்காய் பன், எட்டுப் பேர், ஐந்து மருத்துவமனை. பி.ஜி.க்கள், இரண்டு உதவிப் பேராசிரியர்கள், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு புள்ளியியல்காரர். புள்ளியியல்காரரை முதல் நாளே கூப்பிட்டது நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம். வழக்கமாக எல்லாம் முடிந்தபின் எக்செல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவோம்.

ஒரே படிவம் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தோம். முதல் மாதப் படிவங்கள் வந்தபோது வயது என்ற கட்டத்தில் ‘1.5’ என்று இருந்தது. ஈரோட்டில் அதற்கு ஒன்றரை வயது என்று பொருள், கரூரில் ஒரு வருஷம் ஐந்து மாதம். அடுத்தது தாமதம். ஒருவர் புரை ஏறிய நாளிலிருந்து எண்ணினார், இன்னொருவர் முதல் டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து. இரண்டையும் கூட்டியிருந்தால் பால் கணக்கையும் மோர் கணக்கையும் சேர்த்த கதைதான். இப்போது வயதே கேட்பதில்லை, பிறந்த தேதி மட்டும். புரை ஏறிய நாள், முதல் டாக்டர், எங்களிடம் வந்த நாள் என்று மூன்று தேதிகள் தனித்தனியாக. அந்தச் சண்டைக்கே இரண்டு மாதம் போயிற்று, போனது நல்லது.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுதான் அடுத்த பெரிய மலை. ஒரு கல்லூரியில் மாதம் ஒருமுறை கூடும், இன்னொன்றில் எப்போது கூடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குறைந்த ஆபத்துள்ள பல மைய ஆய்வுகளுக்குப் எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே பொதுப் பரிசீலனை செய்யலாம் என்று ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலே சொல்கிறது, நடைமுறையில் அதைச் சொல்லிப் புரியவைக்க நேரம் பிடிக்கும். இன்றைக்கும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகத்தான் மனுப் போடுகிறோம். குழந்தையின் பெயர் பொதுத் தாளில் வராது, குறியீட்டு எண் மட்டும். எந்த எண் யார் என்ற நோட்டு அந்தந்த மருத்துவமனையின் பீரோவை விட்டு நகராது. வாட்ஸப்பில் எக்ஸ்ரே போட்டோ அனுப்பினால் ஓரத்தில் இருக்கும் பெயரை மறைத்த பிறகே. இதில் நான் கறார்.

பெற்றோர் சம்மதம் எப்போதும் வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய குழந்தையிடம் வாய்மொழியாகவும், பன்னிரண்டைத் தாண்டியவர்களிடம் எழுத்திலும் அவர்களது இசைவையும் வாங்க வேண்டும். கடலைக்காய்க் குழந்தைகளுக்கு அந்த வேலை இல்லை. அடுத்து ஆஸ்துமா பக்கம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், அப்போது தேவைப்படும். சிகிச்சைகளை ஒப்பிடும் சோதனை என்றால் முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து அங்கே சோதனையைத் தொடங்கிய பிறகு பதிய முடியாது.

அப்புறம், யார் பெயர் முதலில்? இதைக் கடைசியில் பேசினால் சிநேகம் போய்விடும். பல்கலைக்கழகம் ஆளுக்கொரு ஆய்வேடு கேட்கிறது, ஆகவே பொதுப் படிவம் ஒன்று, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கேள்வி என்று பிரித்தோம். ஒருவருக்குத் தாமதம், ஒருவருக்கு எக்ஸ்ரே, ஒருவருக்கு முதலில் கிடைத்த சிகிச்சை. அவரவர் கேள்விக்கு அவரவர் முதல் பெயர். பேக்கரியின் பில்லுக்குப் பின்னாலேயே எழுதி எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்த பில் இன்னமும் என்னிடம் இருக்கிறது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஓரிடத்தில் வழிகாட்டியாக இருந்தவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், “நம்ம டேட்டா வெளிய எதுக்குங்க போகோணும்?” என்று கேட்டு நிறுத்திவிட்டார். ஒன்பது மாத உழைப்பு. அந்த மாணவர் இரண்டு வாரம் என் போனையே எடுக்கவில்லை. யார்மீதும் எனக்குக் கோபமில்லை, முதலிலேயே துறைத்தலைவரின் கையெழுத்தை வாங்காதது என் தப்பு.

பி.ஜி. மூன்று வருஷத்தில் போய்விடுவார். நடுவில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி, கல்யாணம், பிரசவம், நோம்பி (ஊர்த் திருவிழா) லீவு. ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பேர். ஒருவர் முதலாண்டு, ஒருவர் இறுதியாண்டு. கூட்டம் ராத்திரி ஒன்பதுக்கு வைத்தால் கைக்குழந்தை உள்ளவர்கள் வரமாட்டார்கள் என்பது எனக்கு மூன்றாவது கூட்டத்தில்தான் உறைத்தது. இப்போது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மதியம், நாற்பது நிமிஷம்.

படிவம் இப்போது நான்காம் பதிப்பு. ‘அந்நியப்பொருள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ‘பொரை ஏறுச்சுங்களா?’ என்றே அச்சடித்திருக்கிறோம். அதற்கு மேலே புதிதாக ஒரு வரி: ‘அப்போது குழந்தையோடு இருந்தவர் யார்?’ அதன் எதிரே அம்மாயி, அப்பத்தா, அக்கா, பக்கத்து வீடு என்று கட்டங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் வருவதால் திருப்பூர்க்காரர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் படிவம் வேண்டியிருக்கிறது. ஒடியாவுக்கு நாங்கள் ஒரு மொழிபெயர்ப்பைத் தயார் செய்து, மில் குடியிருப்பில் இருக்கும் ஒரு தாயிடம் வாசித்துக் காட்டினோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டில் புரை ஏறுவதற்கு வேறு ஒரு சொல் சொல்வார்களாம். சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.