ஆள் விழுந்ததைக் கருவி சொல்லும், தூக்குவது யார்?

நான் கப்பல்களின் உயிர்காப்புச் சாதனங்களைச் சர்வீஸ் செய்கிறவன். பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் துறையில் சொகுசுக் கப்பல் ஏறப்போகிறவர்கள் இது தெரிந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கப்பல்லேர்ந்து கடல்ல ஆள் விழுந்தா இப்பல்லாம் மெஷினே காப்பாத்திடுமாமே?" காப்பாற்றாது. ஆனால் விழுந்ததைச் சொல்லும், அதுவே பெரிய விஷயம்.

20 நாட் வேகத்தில் போகிற கப்பல் வினாடிக்குப் பத்து மீட்டர் நகர்கிறது. ஒரு நிமிடம் தாமதித்தால் விழுந்தவன் 600 மீட்டர் பின்னால் இருப்பான், தண்ணீருக்கு மேலே தெரிவது ஒரு தேங்காய் அளவு தலை மட்டும். யாராவது பார்த்துவிட்டால் சரி, "ஓராங் ஜாத்தோ லாவுட்!" (ஆள் கடலில் விழுந்துட்டார்!) என்று மலாயில் கத்துவார்கள், கண்ணை எடுக்காமல் கைநீட்டிக் காட்ட ஒருவரை நிறுத்துவார்கள், பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் அறை) ஓரத்தில் இருக்கும் மிதவையைத் தட்டிவிடுவார்கள் (15 நிமிடமாவது ஆரஞ்சுப் புகை விடும், விளக்கு 2 மணி நேரம் எரியும்), வில்லியம்சன் திருப்பம் போட்டு வந்த தடத்திலேயே திரும்புவார்கள். நடு இரவில் பின்தளத்தில் தனியாக நின்றவன் விழுந்தால்? காலையில் வாட்ச்சுக்கு, அதாவது தன் முறை வேலைக்கு, வராதபோதுதான் தேடுவார்கள், எங்கே, எப்போது விழுந்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த ஓட்டையைத்தான் கருவி அடைக்கிறது. கப்பலின் பக்கவாட்டில் வெப்பக் கேமராவும் சிறிய ரேடாரும் பொருத்தி, விழுவது மனிதனா, பறவையா, யாரோ வீசிய குப்பைப் பையா என்று மென்பொருளை வைத்துப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆள்தான் என்றால் பிரிட்ஜில் அலாரம் அடிக்கும், இடமும் நேரமும் காணொளியும் உடனே திரைக்கு வரும். அமெரிக்காவின் 2010 சட்டம் பயணிக் கப்பல்களில் விழுந்தவரைப் படம் பிடிக்கவோ கண்டறியவோ கருவி வேண்டும் என்றது, அதுவும் அத்தகைய தொழில்நுட்பம் கிடைக்கும் அளவுக்கு என்று. படம் பிடித்தாலே போதும் என்றால் என்ன பயன்? அது விசாரணைக்குத்தான் உதவும். கண்டறியும் கருவிகளுக்கென்று ஐஎஸ்ஓ 21195 என்ற சர்வதேசத் தரநிலை 2020-இல் வந்தது. வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அடுத்துக் கேட்க வேண்டியதை நம் ஊர்க்காரர்கள் கேட்பதே இல்லை. வெப்பக் கேமரா பார்ப்பது சூட்டின் வித்தியாசத்தை. குளிர்ந்த கடலில் தலை பளிச்சென்று தெரியும், மலாக்கா நீரிணையில் தண்ணீரே 29, 30 டிகிரி, நனைந்த தலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மழை கொட்டினாலும் லென்ஸில் உப்புப் படிந்தாலும் இன்னும் மோசம். அதனால் வெப்பமண்டலக் கடலில், இரவில், மழையில் சோதித்த முடிவைக் காட்டுங்கள் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பொய் அலாரம் எத்தனை என்றும் கேளுங்கள், சும்மா சும்மா அடிக்கிற அலாரத்தை மூன்றாம் நாளே யாராவது அணைத்து வைப்பார்கள்.

அப்புறம், தூக்குவது. பட்டர்வொர்த் பக்கம் ஒரு வேலைப்படகில் பயிற்சிக்குப் பொம்மை போட்டோம். கிட்டே போய்விட்டோம், அதுவரை எல்லாம் சுலபம். இரண்டு பேர் அக்குளில் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை, ஈர உடையின் எடை, கால்கள் வேறு படகுக்கு அடியில் போய்விட்டன. கடைசியில் வலையின் ஒரு விளிம்பைப் படகில் கட்டி, மறு விளிம்பைப் பொம்மைக்கு அடியில் விட்டு இழுத்தபோதுதான் படுத்தவாக்கில் உருண்டு ஏறியது. உண்மையான ஆளையும் முடிந்தவரை அப்படியே ஏற்ற வேண்டும், வெகு நேரம் தண்ணீரில் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்கினால் ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுவிடலாம். விழுந்தவரைத் தூக்க ஒவ்வொரு கப்பலும் தனக்கென்று திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி 2014 ஜூலையில் அமலுக்கு வந்தது. பல கப்பல்களில் அது ஃபைலில்தான் இருக்கிறது.

ரிமோட்டில் ஓடும் மிதவை, ட்ரோன் எல்லாம் வந்துவிட்டனவே என்பீர்கள். உண்மைதான், 2018-இல் ஆஸ்திரேலியாவில் அலையில் சிக்கிய இரண்டு இளைஞர்களுக்கு ட்ரோன்தான் மிதவை போட்டது. அவர்களுக்கு நினைவு இருந்தது, பிடித்துக்கொண்டார்கள். மயங்கிக் கிடப்பவரைப் பிடித்துத் தூக்க இன்னும் ஆள்தான் வேண்டும்.

பினாங்கின் பத்து மாவுங்கில் வாடகைப் படகு எடுத்துத் தூண்டில் போடப் போகிற நம் பையன்களுக்கு இந்தக் கேமரா எல்லாம் எட்டாது, தேவையும் இல்லை. லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டுக்கு அடியில் வைக்காமல் போடுங்கள், படகு ஓட்டுகிறவர் இன்ஜின் கில் சுவிட்ச் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளட்டும், அவர் விழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். காசு இருந்தால் ஏஐஎஸ் பீக்கன் ஒன்று வாங்கலாம் (ஏஐஎஸ் என்பது கப்பல்கள் தங்கள் இடத்தை ஒன்றுக்கொன்று ரேடியோவில் சொல்லும் அமைப்பு, அதில் உங்கள் இடத்தைச் சொல்லும் சிறு கருவிதான் பீக்கன்). ஊதிப் பெருக்கும் ஜாக்கெட்டில் சரியாகப் பொருத்தினால், அது விரியும்போதே தானாக வேலை செய்யத் தொடங்கும் வகைகள் இருக்கின்றன. சில கடல் மைல் சுற்றளவில் ஏஐஎஸ் வைத்திருக்கும் கப்பல்களின் திரையில் 972-இல் தொடங்கும் எண்ணோடு உங்கள் இடம் தெரியும். பேட்டரி காலாவதித் தேதி பீக்கனிலேயே இருக்கும், வாங்கும்போதே பாருங்கள். ஒருவேளை யாராவது விழுந்துவிட்டால் விஎச்எஃப் கடல் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள், ரேடியோ இல்லாவிட்டால் மலேசிய அவசர எண் 999. தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம் என்று இருக்காதீர்கள்.