பிரிகடெய்ரோ: பாதி நீரை வெளியேற்றும் கணக்கு

பிரேசிலில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்து என்றால், கேக்கைச் சுற்றிச் சின்னச் சின்ன காகிதக் கிண்ணங்களில் கரும்பழுப்பு உருண்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். அதுதான் பிரிகடெய்ரோ. கண்டென்ஸ்டு மில்க், கோகோ, வெண்ணெய் மூன்றையும் அடுப்பில் கிளறி, ஆறவைத்து, உருட்டி, மேலே சாக்லேட் துகள்களைப் புரட்டி எடுக்கிறார்கள். சாக்லேட் இனிப்பு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் சாக்லேட்டைப் பதமாக உருக்கிக் குளிரவைக்கும் நுட்பம் எதுவும் இதில் கிடையாது. இது உண்மையில் ஒரு பால் இனிப்பு. கோகோ நிறமும் மணமும் லேசான கசப்பும் தருகிறது, அவ்வளவுதான். உருண்டை நிற்குமா, வழிந்துபோகுமா, இரண்டு நாளில் நறநறவென்று ஆகுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது சர்க்கரைக்கும் பால் புரதத்துக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் நீரின் அளவு.

பெயருக்குப் பின்னால் ஒரு தேர்தல் இருக்கிறது. 1945 அதிபர் தேர்தலில் போட்டியிட்ட விமானப்படை பிரிகேடியர் எதுவார்து கோமிஸின் ஆதரவாளர்கள் பிரசாரக் கூட்டங்களில் இதைச் செய்து விற்றதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் யூரிகோ காஸ்பர் துத்ராவிடம் தோற்றார், இனிப்பு நிலைத்துவிட்டது. என்னைக் கேட்டால் இதன் உண்மையான புரவலர் டின்தான். சாவோ பாவ்லோ மாநிலத்தின் அராராஸ் நகரில் நெஸ்லே 1921இல் ஆலை தொடங்கியதிலிருந்து கண்டென்ஸ்டு மில்க் பிரேசிலின் சமையலறைகளுக்குள் குடியேறத் தொடங்கியது. இன்றும் அங்கே சமையல் குறிப்புகளில் "ஒரு டின்" என்பது ஓர் அளவை. அது 395 கிராம்.

அந்த டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தோராயமாக 175 கிராம் சர்க்கரை, 40 கிராமுக்குச் சற்று மேல் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை, 30 கிராம் கொழுப்பு, கிட்டத்தட்ட அதே அளவு புரதம், 105 கிராம் நீர். அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். எனவே டின்னுக்குள் சர்க்கரை முழுவதும் கரைந்தே இருக்கிறது. பிரிகடெய்ரோ செய்யும்போது அந்த நீரில் ஏறத்தாழ பாதியை ஆவியாக்கிவிடுகிறோம். மிஞ்சும் 55 கிராம் நீரால், ஆறிய பிறகு 110 கிராம் சர்க்கரையைத்தான் தாங்க முடியும். ஆனால் உள்ளே 175 கிராம் இருக்கிறது. மீதி 65 கிராமும் எந்த நேரமும் படிகமாக வெளியேறத் தயாராக நிற்கிறது. அது உடனே நடக்காமல் தடுப்பவை இரண்டு: கூழின் கெட்டித்தன்மை, சர்க்கரை மூலக்கூறுகளுக்கு இடையே புகுந்து வழிமறிக்கும் புரதமும் லாக்டோஸும். நல்ல பிரிகடெய்ரோ என்பது இந்தத் தற்காலிகச் சமாதானம்.

அளவுகள்: ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், 20 கிராம் இனிப்பில்லாத கோகோ பவுடர், 15 கிராம் வெண்ணெய். டின் வாங்கும்போது லேபிளில் கொழுப்பு 8 சதவீதமாவது இருக்கிறதா என்று பாருங்கள். கொழுப்பு நீக்கிய பாலில் செய்தது என்றால் உருண்டை ரப்பராக இழுக்கும். கோகோவுக்குப் பதில் பாலில் கலந்து குடிக்கும் சாக்லேட் பானப் பொடியையும் பிரேசில் வீடுகளில் போடுகிறார்கள். அதில் பெரும்பகுதி சர்க்கரை என்பதால், ஏற்கெனவே தள்ளாடும் கணக்கில் இன்னும் சர்க்கரை ஏறுகிறது. எனக்கு அது திகட்டும்.

கோகோவைச் சலித்து, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். கொதிக்கும் பாலில் போட்டால் ஒவ்வொரு கட்டியின் வெளிப்புற மாவுச்சத்தும் உடனே உப்பி ஒட்டிக்கொண்டு, உள்ளே உலர்ந்த தூளைப் பூட்டிவிடும். பிறகு எவ்வளவு கிளறினாலும் அது கரையாது.

அடிகனமான பாத்திரம், மிதமானதற்கும் குறைவான தீ, தட்டையான சிலிக்கோன் கரண்டி. நீர்த்த திரவம் சூடானால் தானே மேலும் கீழும் சுழன்று வெப்பத்தைப் பரப்பிக்கொள்ளும். இந்தக் கூழ் சுழலாது. அடியில் படிந்த ஏடு நீரை இழந்து, அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி ஏறி, பால் புரதமும் லாக்டோஸும் வினைபுரிந்து பழுப்பாகும். இதற்கு மெயிலார்ட் வினை என்று பெயர். அளவோடு நடந்தால் காய்ச்சிய பாலின் மணம் தரும். ஓரிடத்தில் மட்டும் நடந்தால் கருகிய செதில்கள்தான் கிடைக்கும். அதனால் கரண்டி அடியையும் மூலைகளையும் விடாமல் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடி பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொடருங்கள்.

எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் பதம் வரும். கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்தால் மொத்தமும் ஒரே கட்டியாகச் சரிய வேண்டும். அல்வா சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வருவதும் இதுவும் ஒரே இயற்பியல்தான்: நீர் குறையக் குறைய கூழ் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் வலு கூடுகிறது, கசிந்த கொழுப்பு ஒரு மெல்லிய படலமாகப் பாத்திரத்துக்கும் கூழுக்கும் நடுவே வந்துவிடுகிறது. கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடும் வகையும் உண்டு. அதற்கு இரண்டு நிமிடம் முன்பே இறக்கிவிடுவார்கள்.

கண்ணை நம்பாதவர்களுக்குத் தராசு இருக்கிறது. காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உள்ளே இருப்பது 430 கிராம். அது சுமார் 370 முதல் 380 கிராமுக்கு இறங்கினால் உருட்டும் பதம். 400க்கு மேல் என்றால் தட்டில் பரவும்; 350க்குக் கீழே போனால் டாஃபியாகிப் பல்லில் ஒட்டும். வெப்பமானி இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது, ஏனென்றால் கூழின் அடியும் மேலும் வெவ்வேறு வெப்பத்தில் இருக்கும்.

வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டும்போது பாத்திரத்தின் ஓரங்களில் காய்ந்து ஒட்டியிருப்பதை வழித்துப் போடக் கூடாது. அந்தக் காய்ந்த ஏட்டில் சர்க்கரை ஏற்கெனவே படிகமாகியிருக்கும். விழும் ஒவ்வொரு துகளும் ஒரு விதை. அதைச் சுற்றி அந்த 65 கிராம் சர்க்கரையும் சேரத் தொடங்கும். ஆறும்போது கிளறுவதும் இதே ஆபத்துதான். கிளிங் ஃபிலிமைக் கூழின் மேற்பரப்பைத் தொடும்படி ஒட்டி மூடினால் ஆடை படியாது. இரண்டு மூன்று நாள் வைத்திருந்து பரிமாறப்போகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸ் சிரப் சேர்க்கலாம். அதிலுள்ள நீளமும் குட்டையுமான மூலக்கூறுகள் சர்க்கரைப் படிகத்தின் ஒழுங்கான அடுக்குக்குள் பொருந்தாமல் அதன் வளர்ச்சியைக் குலைக்கும்.

முழுதாக ஆறிய பிறகு கையில் வெண்ணெய் தடவி 15 கிராம் உருண்டைகளாக உருட்டினால் இருபத்தைந்து வரை கிடைக்கும். சூட்டோடு உருட்டினால் மேலே ஒட்டும் சாக்லேட் துகள்கள் உருகிவிடும். கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குள் உருகக்கூடியது. உருண்டை நிற்காமல் தட்டையானால் மறுபடி அடுப்பில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். கல்லாகிவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டு மிகச் சிறு தீயில் இளக்கலாம். எண்ணெய் பிரிந்து மினுமினுத்தால் நீர் அளவுக்கு மீறி வெளியேறி, கொழுப்பும் நீரும் சேர்ந்திருந்த கலவை உடைந்திருக்கிறது என்று பொருள். ஒரு கரண்டி சூடான பால் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

இதே அடிப்படையில் வேறு உருண்டைகளும் உண்டு. கோகோவுக்குப் பதில் தேங்காய்த் துருவல் சேர்த்து, உச்சியில் ஒரு கிராம்பு குத்தினால் பெய்ஜின்யோ. கோகோவின் கருப்பு இல்லாததால் கொஞ்சம் பழுப்பேறினாலும் காட்டிக்கொடுத்துவிடும், தீயை இன்னும் குறைக்க வேண்டும். வறுத்துப் பொடித்த வேர்க்கடலை சேர்த்து முந்திரிப்பழ வடிவில் பிடிப்பது கஜுஜின்யோ. முந்திரியின் தாயகமே பிரேசில்தானே.

கொஞ்சம் ஏமாற்றுவது பாஷன் பழச்சாறு சேர்த்த வகை. புளிப்பு பட்டதும் பாலின் கேசீன் புரதங்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்சுமையை இழந்து திரளத் தொடங்குகின்றன. அடுப்பே இல்லாமல் கூழ் கெட்டியாகும். கோடு நிற்கிறது, பதம் வந்துவிட்டது என்று இறக்கினால் உருண்டை பிடிக்க வராது, ஏனென்றால் சாறு கொண்டுவந்த நீரும் சேர்ந்து எல்லாம் உள்ளேயே இருக்கிறது. இந்த வகைக்கு மட்டும் கரண்டிக் கோட்டை ஒதுக்கிவிட்டு, சாற்றின் எடையையும் கணக்கில் சேர்த்துத் தராசைப் பாருங்கள்.