அயனமண்டலமா, அயனிமண்டலமா?

நிலநடுக்கத்தோடு தொடர்புடைய வான் மாற்றங்களைச் செயற்கைக்கோள்கள் கண்காணிப்பது பற்றித் தமிழில் எழுதுவோர், அம்மாற்றங்கள் நிகழும் பகுதியை அயனமண்டலம், அயனிமண்டலம், அயனியடுக்கு என்று பலவாறாகக் குறிக்கின்றனர். மூன்றும் ஒரே பொருளைத் தருவன அல்ல.

ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி 1,000 கிலோமீட்டர் வரை பரந்துள்ள இப்பகுதியில், சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அவ்வாறு எலக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெற்ற அணுவே அயனி. இதற்கு 'அயனோஸ்பியர்' என்னும் பெயரை 1926இல் ஒரு கடிதத்தில் முன்மொழிந்தவர் பிரித்தானிய இயற்பியலர் ராபர்ட் வாட்சன்-வாட். 'அயான்' என்ற முற்பகுதி அதனினும் பழையது. கரைசலில் மின்சாரம் பாயும்போது மின்முனைகளை நோக்கி நகர்பவற்றுக்குப் பெயர் தேடிய மைக்கேல் ஃபாரடே, வில்லியம் ஹியூவெல் பரிந்துரைத்த இக்கிரேக்கச் சொல்லை 1834இல் கையாண்டார். 'செல்வது' என்பது அதன் பொருள்.

உத்தராயணத்திலும் தட்சிணாயனத்திலும் உள்ள 'அயனம்' என்னும் வடசொல்லுக்கும் செல்கை என்பதே பொருள். கிரேக்க வினையும் வடமொழி வினையும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை என்பதால், ஒலி ஒப்புமையால் அமைந்த 'அயனமண்டலம்' வேர்ப்பொருளிலும் பொருந்திவிடுகிறது. எனினும் அச்சொல்லை நான் பரிந்துரைக்கமாட்டேன். சூரியனின் செலவை ஒட்டி, வெப்பமண்டலத்தைக் குறிக்கும் சொல்லாக அது இலங்கைத் தமிழில் ஏற்கெனவே வழங்குகிறது. அயனமண்டலக் காடு என்றால் அங்கே வெப்பமண்டலக் காடுதான். 'அயனியடுக்கு' என்பதிலோ வேறொரு குழப்பம் உண்டு. இப்பகுதிக்குள்ளேயே டி, இ, எஃப் எனப் பிரிவுகள் இருப்பதால், அடுக்கு என்ற சொல்லை அவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, முழுப் பகுதியையும் அயனிமண்டலம் என்பதே தெளிவு.

நிலநடுக்கம் அயனிமண்டலத்தை எட்டும் வழி வியப்புக்குரியது. தரையோ கடற்பரப்போ திடீரென எழும்பித் தாழும்போது காற்றில் தோன்றும் அழுத்த அலை, மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால் வீச்சு பெருகி, சுமார் 10 நிமிடங்களில் எலக்ட்ரான் செறிவு மிகுந்த உயரத்தை அடைந்து அங்குள்ள மின்துகள்களை அசைக்கிறது. 1964ஆம் ஆண்டு அலாஸ்கா நிலநடுக்கத்துக்குப் பின் இத்தகைய அதிர்வுகள் பதிவாயின. இன்று ஜிபிஎஸ் போன்ற இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வழியில் உள்ள மொத்த எலக்ட்ரான் அளவைக் கொண்டு இவ்வலைகளை வரைபடமாகவே பார்க்க முடிகிறது.

நடுக்கத்துக்கு முன்னரே மாற்றம் தோன்றுகிறதா என்பது தனிக் கேள்வி. அதை ஆராயவே பிரான்ஸ் 2004இல் டெமட்டர் செயற்கைக்கோளையும், சீனா இத்தாலியின் பங்களிப்போடு 2018இல் சாங்ஹெங்-1 செயற்கைக்கோளையும் ஏவின. (கி.பி. 132இல் நிலநடுக்கங்காட்டி ஒன்றை அமைத்த சாங் ஹெங்கின் பெயரே பின்னதற்கு இடப்பட்டது.) சூரியச் சீற்றமும் புவிகாந்தப் புயலும் அயனிமண்டலத்தில் உண்டாக்கும் மாற்றங்கள் பல வேளைகளில் நிலநடுக்கத்தோடு தொடர்புபடுத்தப்படுபவற்றைவிடப் பெரியவை என்பதால், எது எதன் விளைவு என்று பிரித்தறிவது கடினம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நேர்ந்த 9.0 அளவு நிலநடுக்கத்துக்குச் சுமார் 40 நிமிடங்கள் முன்பே எலக்ட்ரான் அளவு கூடியதாக ஓர் ஆய்வு கூறிற்று. நடுக்கத்துக்குப் பின் நேர்ந்த வீழ்ச்சியையும் சேர்த்து, இயல்பான அளவைக் காட்டும் அடிப்படைக் கோட்டை வரைந்ததால்தான் முன்னர் உயர்வு இருந்ததுபோல் தெரிகிறது என்று பிறர் மறுத்தனர்.

ஆகவே 'முன்னறிகுறி' என்னும் சொல், இன்னும் நிறுவப்படாத ஒன்றை நிறுவப்பட்டதாகக் காட்டிவிடுகிறது. பின்னர் எழும் அலைகளை 'நிலநடுக்கம் விளைத்த அயனிமண்டல அதிர்வு' என்றும், முன்னர்க் கண்டதாகக் கூறப்படுவதை 'நிலநடுக்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் அயனிமண்டல மாறுபாடு' என்றும் எழுதலாம். இரண்டாவது தொடர் நீளமானதே. 'படுத்தப்படும்' என்பதை மட்டும் சுருக்கிவிடக் கூடாது.